பீட்டா ரிக்ரஷன் கெழுவை எப்படிச் சொல்வது: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

விகிதத் தரவை வைத்து ஆய்வேடு எழுதுகிறவர்கள் பலரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பீட்டா ரிக்ரஷன் (0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள விகிதத்தைப் பிற மாறிகளைக் கொண்டு விளக்கும் மாடல்) ஓடிவிட்டது, பி மதிப்பும் நன்றாகவே இருக்கிறது, அட்டவணையில் ஒரு மாறியின் கெழுவாக, அதாவது அதைப் பெருக்கும் எண்ணாக, 0.118 உட்கார்ந்திருக்கிறது. "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று வழிகாட்டி கேட்டால் பதில் வருவதில்லை. சிலர் "11.8% கூடுகிறது" என்கிறார்கள். சிலர் அடுக்கேற்றி, அதாவது e-யின் அடுக்காக்கிப் பார்த்துவிட்டு "12.6% கூடுகிறது" என்கிறார்கள். மென்பொருளில் இன்னொரு கட்டளையைத் தட்டியவருக்கு 2.4 என்று வருகிறது. மூன்றும் ஒரே மாடலிலிருந்து வந்தவைதான். முதல் வாக்கியம் தவறு. மற்ற இரண்டு எண்களும் சரியானவை, ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் "கூடுகிறது" என்று மட்டும் எழுதினால் இரண்டாவது வாக்கியமும் தவறாகிவிடும்.

கெழுவைச் சொல்ல நான்கு வழிகள் வழக்கத்தில் உள்ளன. லாஜிட் அளவிலேயே, அதாவது பங்கு ÷ மீதியின் மடக்கையாகவே, அப்படியே சொல்லலாம். அடுக்கேற்றி ஆட்ஸ் விகிதமாகச் சொல்லலாம். சராசரி இறுதிநிலை விளைவாக, அதாவது மாறி ஓர் அலகு கூடினால் விகிதம் சராசரியாக எத்தனை சதவீதப் புள்ளி நகர்கிறது என்று, சொல்லலாம். அல்லது கெழுவை விட்டுவிட்டு, சில இடங்களில் மாடல் கணிக்கும் விகிதங்களையே காட்டலாம். எதை எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் அலகு. படிப்பவர் ஏற்கெனவே பழகிய அலகில் விடை வருகிறதா? சதவீதப் புள்ளி எல்லோருக்கும் தெரியும். லாஜிட் அலகில் யாரும் யோசிப்பதில்லை.

அடுத்து, ஒரே எண் எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்பது. பீட்டா ரிக்ரஷனில் விகிதம் வளைகோட்டின் மேல் நகர்கிறது. 50% அருகில் வேகமாக நகரும், 5% அருகில் மெதுவாக நகரும். எந்த எண் இந்த வளைவை மறைக்கிறது, எது காட்டுகிறது?

மூன்றாவது, தவறாக வாசிக்கப்பட எவ்வளவு இடம் கொடுக்கிறது. எனக்கு இதுதான் முக்கியம். ஆய்வேட்டின் வாக்கியம் நாளை ஒரு செய்தியிலோ திட்ட அறிக்கையிலோ போய் உட்காரும்போது, அங்கே நீங்கள் விளக்கம் சொல்ல இருக்க மாட்டீர்கள்.

நான்காவது, லிங்க் சார்பை (சராசரி விகிதத்தைச் சமன்பாட்டோடு இணைக்கும் சார்பு; லாஜிட் அவற்றில் ஒன்று) மாற்றினால் அந்தச் சொல்முறை நிற்குமா, விழுமா. ஐந்தாவது உழைப்பு, குறிப்பாக நம்பிக்கை இடைவெளி எடுப்பதற்கான உழைப்பு. இந்த ஐந்தாவது முன்பு பெரிய தடையாக இருந்தது. இப்போது மென்பொருள்களே கணக்குப் போட்டுத் தருவதால் இதற்குக் குறைந்த எடைதான் கொடுப்பேன்.

## கையில் எடுக்கும் தரவு

ஃபெராரி, கிரிபாரி-நேட்டோ என்ற இரண்டு பிரேசில் புள்ளியியலாளர்கள் 2004-ல் இந்த மாடலை இன்றைய வடிவில் முன்வைத்தபோது எடுத்துக்காட்டாகக் கொண்ட இரண்டு தரவுகளையே எடுத்துக்கொள்கிறேன். ஆர் மொழியின் பீட்டாரெக் தொகுப்பில் இரண்டும் இருப்பதால் நீங்களும் ஓட்டிப் பார்க்கலாம்.

முதலாவது, அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில் 38 குடும்பங்கள் வருமானத்தில் எவ்வளவு பங்கை உணவுக்குச் செலவிட்டன என்பது. விளக்கும் மாறிகள் இரண்டு: வருமானம், வீட்டில் உள்ள ஆட்கள். லாஜிட் லிங்கோடு ஓட்டினால் கிடைப்பது:

லாஜிட்(சராசரிப் பங்கு) = −0.6226 − 0.0123 × வருமானம் + 0.1185 × ஆட்கள்; ஃபை (துல்லியத்தின் அளவு) = 35.6

இரண்டாவது, பிரேட்டர் 1956-ல் வெளியிட்ட பெட்ரோல் தரவு. கச்சா எண்ணெயை வாலைவடித்தால் அதில் எத்தனை பங்கு பெட்ரோலாகிறது என்பதற்கு 32 அளவீடுகள், 10 எண்ணெய்த் தொகுதிகள். பெட்ரோல் முழுவதும் ஆவியாகி முடியும் வெப்பநிலை, ஃபாரன்ஹீட்டில், விளக்கும் மாறி. அதன் கெழு 0.01097. பத்தாம் தொகுதியை அடிப்படையாக வைத்தால் முதல் தொகுதியின் கெழு 1.728, வெட்டு (மாறிகள் எல்லாம் 0 ஆகும்போதுள்ள மதிப்பு) −6.160, ஃபை 440.

மாடலின் அமைப்பு ஒரு வரியில்: சராசரிக்கு ஒரு சமன்பாடு, சிதறலுக்கு ஃபை. சராசரி மியூ என்றால் விலக்க வர்க்கச் சராசரி மியூ × (1 − மியூ) ÷ (1 + ஃபை). கெழுக்கள் மியூவைப் பற்றிப் பேசுகின்றன. தனித்தனிக் குடும்பத்தின் பங்கைப் பற்றி அல்ல.

## வழி 1: லாஜிட் அளவில் அப்படியே

"வீட்டில் ஓர் ஆள் கூடினால் சராசரி உணவுப் பங்கின் லாஜிட் 0.118 கூடுகிறது." இலக்கணப்படி பிழையில்லை, பயன்படி ஒன்றுமில்லை. படித்தவருக்குத் தெரிவது குறி மட்டும்: ஆட்கள் கூடினால் பங்கு கூடும், வருமானம் கூடினால் குறையும்.

எண்களின் அளவும் ஏமாற்றும். பெட்ரோல் தரவில் வெப்பநிலையின் கெழு 0.011 மட்டுமே. தொகுதியின் கெழு 1.7. பார்த்த உடனே வெப்பநிலை ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும். அந்த 0.011 ஒரு டிகிரிக்கு. தரவில் வெப்பநிலை 205 முதல் 444 வரை ஓடுகிறது. முழு வீச்சையும் பெருக்கினால் 2.6 வந்துவிடும். வெட்டு இன்னும் மோசம். உணவுத் தரவின் −0.62 சொல்வது, வருமானமே இல்லாத, ஆளே இல்லாத ஒரு குடும்பம் 35% பங்கை உணவுக்குச் செலவிடும் என்பதை. அப்படி ஒரு குடும்பம் இல்லை. மாறிகளைச் சராசரியிலிருந்து கழித்து வைத்துக்கொண்டு ஓட்டினால் வெட்டாவது பொருள் தரும்.

ஆனாலும் இந்த வழிக்கு ஒரு பலம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு கெழுக்களை ஒன்றால் ஒன்று வகுத்தால் லாஜிட் அலகு அடிபட்டுப் போகும். 0.1185-ஐ 0.0123-ஆல் வகுத்தால் 9.6. அதாவது வீட்டில் ஓர் ஆள் கூடுவதும், வருமானம் 9.6 அலகு குறைவதும் உணவுப் பங்கை ஒரே அளவில்தான் மாற்றுகின்றன. வளைகோட்டில் எந்த இடத்தில் இருந்தாலும் இது உண்மை. பொருளியல் மாணவருக்கு இந்த ஒரு வாக்கியம் அட்டவணை முழுவதையும்விடப் பெறுமதியானது. மாறிகளுக்கிடையே பரிமாற்றத்தைப் பற்றித்தான் உங்கள் கேள்வி என்றால், முதல் வழியே போதும்.

மற்றபடி, அட்டவணையில் கெழுவும் திட்டப் பிழையும் கட்டாயம் இருக்க வேண்டும். பிறகு யாரேனும் உங்கள் மாடலை மறுபடி கட்ட வேண்டுமென்றால் அவை இல்லாமல் முடியாது. அவற்றின் இடம் அட்டவணை, வாக்கியம் அல்ல.

## வழி 2: அடுக்கேற்றி ஆட்ஸ் விகிதமாக

0.118462-ஐ அடுக்கேற்றினால் 1.126. நம்பிக்கை இடைவெளியும் சுலபம்: கெழுவின் இரு எல்லைகளையும் அடுக்கேற்றினால் 1.05 முதல் 1.21 வரை. லாஜிஸ்டிக் ரிக்ரஷன் படித்துவிட்டு வருகிறவர்களின் கை தானாக இங்கேதான் போகிறது.

லாஜிஸ்டிக்கில் ஆட்ஸ் என்பது ஒரு நிகழ்வு நடப்பதற்கும் நடக்காததற்கும் உள்ள விகிதம். இங்கே எந்த நிகழ்வும் நடக்கவில்லை. இருப்பது பங்கு, மீதி, அவ்வளவுதான். 1.126 என்பது "பங்கு ÷ மீதி" எத்தனை மடங்காகிறது என்பதைச் சொல்கிறது. அதைப் "பங்கு 12.6% கூடுகிறது" என்று எழுதுவதுதான் இந்தத் துறையில் நான் மிக அதிகமாகக் காணும் பிழை.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். வருமானம் 60 அலகு, நான்கு பேர் கொண்ட குடும்பம்: மாடல் கணிக்கும் சராசரிப் பங்கு 29.2%. ஐந்தாவது ஆள் வந்தால் 31.7%. கூடியது 2.5 சதவீதப் புள்ளி. பழைய பங்கோடு ஒப்பிட்டால் 8.6% கூடுதல். பங்கு-மீதி விகிதம் 0.412-லிருந்து 0.464 ஆகியிருக்கிறது, அதுதான் 12.6% கூடுதல். ஒரே நகர்வுக்கு 2.5, 8.6, 12.6 என்று மூன்று எண்கள். மூன்றையும் "சதவீதம்" என்ற ஒரே சொல்லால் எழுதலாம் என்பதில்தான் ஆபத்து. பங்கு மிகச் சிறியதாக, 2% 3% என்று இருந்தால், 8.6-ம் 12.6-ம் போலப் பிரிந்து நிற்காமல் கடைசி இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பங்கு பெரியதாக ஆக இடைவெளி விரியும்.

இந்த வழியின் பலம் இரண்டாவது அளவுகோலில் இருக்கிறது. லாஜிட் லிங்க் இருக்கும்வரை, இடைவினை உறுப்பு (இரண்டு மாறிகளின் பெருக்கம்) எதுவும் சேர்க்காதவரை, 1.126 எல்லாக் குடும்பத்துக்கும் ஒன்றே. ஏழைக்கும் பணக்காரருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இது நல்ல தேர்வாகும் இடமும் உண்டு: "மீதி"க்கும் சொந்தமாக ஒரு பொருள் இருக்கும்போது. உணவுத் தரவே அப்படித்தான். மீதி என்பது உணவு அல்லாத மற்ற எல்லாவற்றுக்கும் போகும் பணம், சேமிப்பும் அதில் அடக்கம். ஆகவே "உணவல்லாதவற்றுக்குப் போகும் ஒவ்வொரு 100 டாலருக்கும் ஈடாக உணவுக்கு 41 டாலர் போன இடத்தில் இப்போது 46 டாலர் போகிறது" என்று எழுதினால் ஆட்ஸ் விகிதம் உயிர் பெறுகிறது. பெட்ரோல் தரவில் இந்த வசதி இல்லை. பெட்ரோலாகாத மீதியோடு ஒப்பிட்டு யாரும் யோசிப்பதில்லை.

மறைந்த செலவு லிங்க் சார்பில் இருக்கிறது. இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் தரவின் முதல் தொகுதியில் நான்கு அளவீடுகள். 205, 275, 345, 407 டிகிரியில் கிடைத்தது 12.2, 22.3, 34.7, 45.7 சதவீதம். லாஜிட் மாடல் கணிப்பது 10.1, 19.5, 34.3, 50.8. கீழே குறைத்துச் சொல்கிறது, மேலே கூட்டிச் சொல்கிறது. அளவீடுகள் ஏறக்குறைய நேராக ஏறுகின்றன, லாஜிட் வளைவோ வேண்டியதைவிடச் செங்குத்தாகத் திரும்புகிறது. இதே தரவுக்கு லாக்-லாக் என்ற வேறொரு லிங்க் தெளிவாக நன்றாகப் பொருந்துகிறது என்று பீட்டாரெக் தொகுப்பின் விளக்க ஆவணமே காட்டுகிறது. சரி, லிங்கை மாற்றிவிட்டீர்கள். இனி கெழுவை அடுக்கேற்றினால் வரும் எண் ஆட்ஸ் விகிதம் அல்ல. பழக்கதோஷத்தில் அடுக்கேற்றி அட்டவணையில் போட்டால் மென்பொருள் எச்சரிக்கப்போவதில்லை. ஆட்ஸ் விகிதமாகச் சொல்லியே தீர வேண்டும் என்று பொருந்தாத லிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது அதைவிட மோசம்.

## வழி 3: சராசரி இறுதிநிலை விளைவு

லாஜிட் வளைகோட்டின் சரிவு ஓரிடத்தில் மியூ × (1 − மியூ) × கெழு. பங்கு 29.2% இருக்கும் இடத்தில் ஆட்களின் கெழுவுக்கு இது 0.292 × 0.708 × 0.1185, அதாவது 0.0245. சுமார் 2.4 சதவீதப் புள்ளி. தரவில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் இப்படிக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் அது சராசரி இறுதிநிலை விளைவு. அவசரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: மியூ × (1 − மியூ) ஒருபோதும் 0.25-ஐத் தாண்டாது என்பதால் கெழுவை 4-ஆல் வகுத்தால் உச்சவரம்பு கிடைக்கும். 0.1185 ÷ 4 = 0.03. எப்படிப் பார்த்தாலும் 3 புள்ளிக்கு மேல் போகாது. கருத்தரங்கில் ஒருவர் கெழுவைத் திரையில் காட்டும்போது மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

அலகு என்ற அளவுகோலில் இந்த வழி முழு மதிப்பெண் வாங்குகிறது. எந்த லிங்குக்கும் பொருந்தும். நேர்கோட்டு ரிக்ரஷனின் கெழுவோடு நேராக ஒப்பிடலாம். வேறு இரண்டு மாடல்களை ஒரே அட்டவணையில் அடுக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல பொது நாணயம் கிடையாது.

விலை என்ன? சராசரி, வளைவை விழுங்கிவிடுகிறது. உணவுத் தரவில் பெரிய இழப்பு இல்லை. நான்கு பேர் ஐந்து பேராகும்போது, வருமானம் 40 அலகு உள்ள வீட்டில் 2.7 புள்ளி, 80 அலகு உள்ள வீட்டில் 2.2 புள்ளி. "சுமார் 2.4" என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள். பெட்ரோலில் அப்படி இல்லை. வெப்பநிலை 350-லிருந்து 400 டிகிரிக்குப் போனால் பத்தாம் தொகுதியில் 8.9% என்பது 14.5% ஆகிறது, 5.6 புள்ளி. முதல் தொகுதியில் 35.6% என்பது 48.9% ஆகிறது, 13.3 புள்ளி. இரண்டையும் சராசரியாக்கிச் சொன்னால் எந்த எண்ணெய்க்கும் பொருந்தாத ஓர் எண்தான் கையில் மிஞ்சும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாடலில் தொகுதிக்கும் வெப்பநிலைக்கும் இடைவினை உறுப்பு எதையும் நாம் சேர்க்கவில்லை. ஆட்ஸ் விகிதம் இரண்டு தொகுதிக்கும் 1.73 என்று ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் புள்ளிக் கணக்கில் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். "முதல் தொகுதியில் வெப்பநிலையின் விளைவு அதிகம்" என்று எழுதலாமா? புள்ளிக் கணக்கில் எழுதலாம். மடங்குக் கணக்கில் எழுதினால் தலைகீழாகும்: 8.9-லிருந்து 14.5 என்பது 1.62 மடங்கு, 35.6-லிருந்து 48.9 என்பது 1.37 மடங்கு. எந்த அளவுகோலில் பேசுகிறோம் என்று சொல்லாமல் "விளைவு அதிகம்" என்று எழுதவே கூடாது.

நுணுக்கமான ஒன்று: ஆட்கள் போன்ற எண்ணிக்கை மாறிக்கும், ஆண்-பெண் போன்ற வகை மாறிக்கும் சரிவைவிட ஒரு படி மாற்றத்தை எடுப்பதே சரி. கால் ஆள் கூடுவதில்லை. அதனால்தான் மேலே சரிவு 2.4 என்றும், நாலிலிருந்து ஐந்து 2.5 என்றும் சிறிது வேறுபட்டது.

## வழி 4: கணித்த விகிதங்களையே காட்டுவது

கெழுவை மறந்துவிட்டு, படிப்பவர் மனத்தில் உருவம் கொள்ளக்கூடிய சில நிலைகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே மாடல் என்ன சொல்கிறது என்று எழுதுவது. "வருமானம் 60 அலகாக இருக்கும்போது தனியாள் குடும்பம் 22.4%, நான்கு பேர் குடும்பம் 29.2%, ஐந்து பேர் குடும்பம் 31.7%." கூடவே ஒவ்வொன்றுக்கும் நம்பிக்கை இடைவெளி. முடிந்தால் வளைகோட்டை வரைந்து, மேலே தரவுப் புள்ளிகளையும் தூவிவிடுவது.

எனக்கு இதுதான் முதல் தேர்வு, காரணம் மூன்றாவது அளவுகோல். இதைத் தவறாக வாசிப்பது கடினம். தொடக்கம் எது, முடிவு எது என்று இரண்டும் தெரியும்போது, வித்தியாசம் வேண்டுபவர் கழித்துக்கொள்வார், மடங்கு வேண்டுபவர் வகுத்துக்கொள்வார். லிங்க் எதுவானாலும் வாக்கியம் மாறாது. மேலே கண்ட முதல் தொகுதியின் பொருந்தாமைகூட, கணித்த எண்ணையும் அளந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் வெளிப்பட்டது. 0.01097 என்ற கெழுவை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது தெரிந்திருக்காது.

செலவு இல்லாமல் இல்லை. எந்த நிலைகளைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் கையில் இருப்பதால், வேண்டுமென்றே பெரிய வித்தியாசம் தெரியும் இடங்களைப் பொறுக்கவும் வழி இருக்கிறது. வருமானம் 200 அலகு என்று தரவின் எல்லைக்கு வெளியே போய்க் கணித்தாலும் மாடல் மறுக்காமல் ஓர் எண் தரும். மாறிகள் ஏழெட்டு இருந்தால் எல்லாவற்றுக்கும் நிலை சொல்லி எழுதினால் பக்கம் நிரம்பிவிடும். அங்கே முக்கியமான ஒன்றிரண்டு மாறிக்கு மட்டும் இதைச் செய்துவிட்டு மற்றவற்றை மூன்றாம் வழியில் விடலாம்.

இன்னொரு கவனம். 29.2% என்பது அத்தகைய குடும்பங்களின் பங்குகளுக்குச் சராசரி. ஒரு குடும்பம் அங்கேதான் இருக்கும் என்பதல்ல. ஃபை 35.6 என்றால் அந்த இடத்தில் திட்ட விலக்கம் 7.5 புள்ளி, எனவே 22 சதவீதமும் 37 சதவீதமும் சாதாரணம். ஊர் மொத்த உணவுச் செலவை மொத்த வருமானத்தால் வகுத்தால் வருவதும் 29.2 அல்ல. இந்த மாடலில் பணக்காரக் குடும்பத்துக்கும் ஏழைக் குடும்பத்துக்கும் ஒரே ஓட்டுதான்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | லாஜிட் கெழு | ஆட்ஸ் விகிதம் | சராசரி இறுதிநிலை விளைவு | கணித்த விகிதங்கள் |
|---|---|---|---|---|
| அலகு | யாருக்கும் பழக்கமில்லை | பங்கு ÷ மீதி | சதவீதப் புள்ளி | சதவீதம் |
| ஒரே எண் போதுமா | போதும் | போதும், லாஜிட் லிங்கில் மட்டும் | சராசரிக்கு மட்டும் | போதாது, பல எண்கள் வேண்டும் |
| தவறாக வாசிக்கும் ஆபத்து | குறைவு, ஏனெனில் வாசிப்பவரே குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| லிங்க் மாறினால் | எண் மாறும், கெழுக்களின் வகுத்தல் அதிகம் நகராது | பொருள் போய்விடும் | நிற்கும் | நிற்கும் |
| உழைப்பு | இல்லை | ஒரு கட்டளை | டெல்டா முறை (திட்டப் பிழையைத் தோராயமாகக் கணக்கிடும் வழி) அல்லது மென்பொருள் | நிலைகளைத் தேர்ந்தெடுக்க யோசனை வேண்டும் |
| நல்ல தேர்வாகும் இடம் | மாறிகளிடையே பரிமாற்றம் | மீதிக்கும் பொருள் உள்ள பங்கு | மாடல்களை ஒப்பிட, பல மாறிகள் | பொது வாசகர், கொள்கை, வளைவு முக்கியமான தரவு |

## ஃபைக்கான கெழுக்கள்

ஃபையையும் மாறிகளைக் கொண்டு விளக்கும் மாடல்களில் அட்டவணை இரண்டு பகுதியாக வரும். இரண்டாம் பகுதியைச் சிலர் முதல் பகுதி மாதிரியே வாசித்துவிடுகிறார்கள். அங்கே பேசுவது பங்கின் அளவைப் பற்றி அல்ல, பங்குகள் எவ்வளவு நெருக்கமாகக் கூடியிருக்கின்றன என்பதைப் பற்றி. பீட்டாரெக்கில் ஃபை துல்லியத்தின் அளவு. கூடினால் சிதறல் குறையும். உணவுத் தரவில் ஆட்களை ஃபையின் சமன்பாட்டிலும் சேர்த்தால் குறி எதிர்மறையாக வருகிறது: பெரிய குடும்பங்களில் பங்குகள் அதிகம் சிதறியிருக்கின்றன என்று பொருள். ஸ்மித்சன், வெர்குயிலன் இருவரும் 2006-ல் உளவியலாளர்களுக்காக எழுதிய கட்டுரையில் குறியைத் திருப்பிப் போட்டு, நேர்மறை என்றால் சிதறல் அதிகம் என்று வைத்துக்கொண்டார்கள். ஆகவே வேறு கட்டுரையோடு ஒப்பிடுமுன் குறி எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள்.

இதற்கு லிங்க் பொதுவாக மடக்கை. −0.45 என்று வந்தால் அடுக்கேற்றி 0.64 என்று எடுக்கலாம், துல்லியம் 0.64 மடங்காகிறது, திட்ட விலக்கம் ஏறக்குறைய 1.25 மடங்காகிறது. வாக்கியத்தில் திட்ட விலக்கத்தைச் சொல்லுங்கள், ஃபையை அல்ல. இன்னொரு சிறு பொறி: ஃபைக்கு மாறி எதுவும் இல்லாதபோது பீட்டாரெக் அதை நேரடியாக 35.6 என்று அச்சிடும். மாறி சேர்த்த உடனே மடக்கை அளவுக்குப் போய்விடும். இரண்டு மாடல்களின் ஃபை வெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவ்வளவு சரிந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம்.

## மாடலே வேறாக இருக்க வேண்டுமோ?

கெழுவைச் சொல்வதில் தடுமாற்றம் என்றால், சில நேரம் பிரச்சினை மாடலில் இருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

விகிதங்கள் எல்லாம் 30-க்கும் 70-க்கும் இடையில் கிடந்தால் லாஜிட் வளைவு அங்கே ஏறக்குறைய நேர்கோடு. சாதாரண நேர்கோட்டு ரிக்ரஷனை ஓட்டி, சிதறல் மாறுவதற்கு ஏற்ற திட்டப் பிழைகளைப் போட்டுவிட்டால் கெழுவே சதவீதப் புள்ளியாக வந்துவிடும். பங்கை முதலில் லாஜிட்டாக மாற்றிப் பிறகு நேர்கோடு பொருத்துவது வேறு விஷயம்: அதன் கெழு லாஜிட்டின் சராசரியைப் பற்றியது, சராசரியின் லாஜிட்டைப் பற்றியது அல்ல. திருப்பி மாற்றினால் சராசரிப் பங்கு கிடைக்காது. ஆர்க்சைன் மாற்றத்துக்கு (விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு ஆர்க்சைன் எடுப்பது) எதிராக வார்ட்டனும் ஹுயியும் 2011-ல் எக்காலஜி இதழில் எழுதிய பிறகும் அதைப் பிடித்துக்கொண்டிருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. அதன் கெழுவுக்கு எந்த மொழியிலும் வாக்கியம் அமைக்க முடியாது.

"100 விதையில் 63 முளைத்தது" என்பதுபோல் எண்ணிக்கையிலிருந்து வந்த விகிதமானால் எண்ணிக்கைக்கான பைனாமியல் மாடல், சிதறல் மிகுந்தால் பீட்டா-பைனாமியல் மாடல். அங்கே ஆட்ஸ் உண்மையிலேயே ஆட்ஸ். பீட்டாவுக்குப் போனால் 4-ல் 3-ம் 400-ல் 300-ம் ஒன்றாகிவிடும்.

சரியாக 0 அல்லது 1 உள்ள தரவுதான் நிஜமான சிக்கல், ஏனென்றால் பீட்டா பரவல் அவற்றை ஏற்காது. பேப்கியும் வூல்ட்ரிட்ஜும் 1996-ல் அமெரிக்க ஓய்வூதியத் திட்டங்களில் ஊழியர்கள் சேரும் விகிதத்தை ஆராய்ந்தபோது பல திட்டங்களில் விகிதம் சரியாக 1. அவர்கள் எடுத்தது பின்ன லாஜிட், அதாவது பீட்டா போன்ற பரவல் எதையும் கருதாமல் சராசரிக்கு மட்டும் லாஜிட் வளைவைப் பொருத்தும் மாடல். அதன் கெழுவை மேலே சொன்ன நான்கு வழியிலும் அப்படியே வாசிக்கலாம், 0-ம் 1-ம் தொந்தரவு செய்யாது. இழப்பது சிதறலைப் பற்றிய சமன்பாடு. சராசரி மட்டும்தான் வேண்டும் என்றால் இழப்பே இல்லை, உண்மையில் நான் அதைத்தான் முதலில் ஓட்டச் சொல்வேன்.

ஒஸ்பினாவும் ஃபெராரியும் தந்த, 0-க்கும் 1-க்கும் தனிச் சமன்பாடு வைக்கும் 0-1 ஏற்றிய பீட்டா மாடலில் கெழுக்கள் இரண்டு மூன்று தொகுதியாக வரும். பங்குப் பகுதியின் கெழு, 0-மும் 1-மும் அல்லாதவர்களுக்குள் மட்டும் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறது. எல்லோருக்குமான விளைவு வேண்டுமென்றால் எல்லாத் தொகுதியையும் சேர்த்துக் கணித்தே ஆக வேண்டும், அதாவது நான்காம் வழி கட்டாயம். "ஒருவர் 0-வில் இருப்பதற்கான காரணம் வேறு, 0-வைத் தாண்டியபின் எவ்வளவு என்பதற்கான காரணம் வேறு" என்று உங்கள் துறை நம்பினால் இது பொருந்தும். ஒரே காரணம்தான் என்றால் குபினெக்கின் வரிசைப் பீட்டா மாடல் ஒரே தொகுதிக் கெழுவோடு முடிக்கிறது.

இவை எதுவும் வேண்டாம் என்று பலர் ஒரு குறுக்குவழியில் போகிறார்கள். விகிதத்தை (அளவீடுகளின் எண்ணிக்கை − 1) ஆல் பெருக்கி, 0.5 கூட்டி, அதே எண்ணிக்கையால் வகுத்து, 0-வையும் 1-ஐயும் உள்ளே தள்ளுவது. ஸ்மித்சன்-வெர்குயிலன் கட்டுரை பரப்பிய வழி இது. ஒன்றிரண்டு 0 என்றால் போகட்டும். ஆனால் 38 பேர் தரவில் ஒரு 0 இப்படி 0.013 ஆகும், லாஜிட்டில் −4.3. அதே 0 ஆயிரம் பேர் தரவில் 0.0005 ஆகும், லாஜிட்டில் −7.6. தரவு பெரிதாகப் பெரிதாக அந்தப் புள்ளி தூரமாக ஓடிக் கெழுவையும் இழுத்துக்கொண்டு போகிறது. இந்த மாற்றத்தைச் செய்திருந்தால் ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள். பின்ன லாஜிட்டையும் ஒரு முறை ஓட்டி, இரண்டிலும் கணித்த விகிதங்கள் எவ்வளவு விலகுகின்றன என்று ஒரு வரி சேருங்கள்.